உலைக்கு ஒரு ஷார்ட்கட்

மழைக்காலக் காலையில் ரஞ்சன்காவ் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பாதி விழிப்பு, பாதி கனவு. வயல்கள் தண்ணீரில் மிதந்து பின்னால் போகும். இரண்டாயிரங்களின் நடுவில் அங்கே, மராட்டிய மண்ணில், ஒரு கியர் தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மின் நான். விமான் நகரில் வீடு. ஒரு நாள் பேருந்தில் அப்படிப் பாதிக் கனவில் மிதந்துகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

"சார், கோமதி பேசறேன். கரண்ட் போய் வந்துச்சு. டெம்பரேச்சர் ப்ரோக்ராம் ஸ்டார்ட் ஆகல. ரூட் பாஸ்வேர்ட் கேக்குது. ஜல்தி சொல்லுங்க!"

கோமதி அந்த ஊர்ப் பக்கமே, கட்கியில், பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். உலைப் பிரிவுக்குப் புதியவள். உலையின் சூட்டைக் காட்டும் அந்த ப்ரோக்ராம் லினக்ஸில் ரூட் உரிமையோடுதான் ஓடும். ரூட் என்றால் அந்தக் கணினியில் எதையும் செய்யலாம், எதையும் அழிக்கலாம். உலைக்குள்ளே ஒரு ட்ரே கியர் சிவந்துகொண்டிருந்தது. எவ்வளவு சூடு என்று ஒருவருக்கும் தெரியாது.

வேறு வழியில்லாமல் சொன்னேன். "பவழமல்லி. எல்லாம் சின்ன எழுத்து."

"பவலமல்லி... எடுக்கல சார்."

"ல இல்லம்மா, ழ. இசட் எச் போடு."

"இசட்டா? தமிழ்ல இசட் எங்க சார் வருது?" அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது குரல். "ட்ரே போச்சுன்னா என் தலைலதான் விழும்."

இயந்திரச் சத்தத்தை மீறி அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கத்தித் தட்டினாள். பிறகு பெருமூச்சு. "வந்துடுச்சு சார். சூடு ஏறிடுச்சு, கேஸைக் குறைக்கிறோம்."

ட்ரே பிழைத்தது. ரகசியம் பிழைக்கவில்லை. நான் போய் இறங்கியபோது வாசல் காவலர் சிரித்தபடி, "பவலமல்லி சாஹேப்!" என்றார். மராட்டியில் அது பாரிஜாதம் என்று அதற்குள் கோமதி சொல்லியிருந்தாள். பட்டறை முழுக்க அந்தப் பூவின் பெயர் உலவியது. எண்ணெய் நெடிக்கு நடுவே அதைக் கேட்க, கோபத்துக்குப் பதில் ஏதோ மயக்கம்தான் வந்தது.

மேலாளர் ஹிந்தியில் சொன்னது இது: "எல்லாருக்கும் பாஸ்வேர்டைக் குடுத்துடுங்க. தொல்லை விட்டுது."

"அவங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ப்ரோக்ராம் சார். அதுக்காக முழு மெஷினையும் கையில குடுக்கணுமா?"

"அப்ப ட்ரே போனா நீங்க பொறுப்பா?"

"மதியத்துக்குள்ள முடிச்சுடறேன்."

முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு யார் எதை ரூட்டாக ஓட்டலாம் என்று பட்டியலிடும் சூடோயர்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன்: கோமதியின் லாகினிலிருந்து அந்த ஒரு ப்ரோக்ராமை மட்டும் பாஸ்வேர்ட் இல்லாமல் ரூட்டாக ஓட்டலாம். அந்த ப்ரோக்ராம் ஃபைலை ரூட் தவிர யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினேன். கடைசியாக டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட், ரூட்டாக ஓட்டச் சொல்லும் 'சூடோ' என்ற கட்டளையை முன்னால் போட்டு. ஐகானாகச் சூரியனைக் கோமதியே தேர்ந்தெடுத்தாள்.

இரண்டு முறை க்ளிக் செய்தாள். எண்கள் பச்சையாக எழுந்தன. உடனே கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து வேறொரு கட்டளைக்கு சூடோ போட்டுப் பார்த்தாள். கணினி மறுத்தது.

"என்னை நம்பலியா சார்?"

"நம்பித்தாம்மா இதைக் குடுத்திருக்கேன். இனிமே நீ என்னைக் கேக்கவே வேணாம்."

டெர்மினலை மூடிவிட்டு, "அது நல்லாருக்கு சார்" என்றாள்.

சில நாள் கழித்து, நல்ல மழையில், பேருந்தில் அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ரஞ்சன்காவ் தாண்டி ஷிரூர் வந்திருந்தது. பதறி ஆலைக்குப் போன் போட்டேன்.

"காலைலேர்ந்து மூணு தடவை கரண்ட் போச்சு சார்" என்றாள் கோமதி. "ஏன், நீங்க இன்னும் வரலியா?"

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: சாவியைக் கொடுக்காதீர்கள், கதவைத் திறந்து கொடுங்கள். நீங்கள் வராதது யாருக்கும் தெரியாத நாளில்தான் உங்கள் வேலை முடிந்திருக்கிறது.