குறையாத ஆயில்

ரேணிகுண்டாவில் டீசல் டிராக்டர் மக்கர் செய்தால் கோவர்த்தனனைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருட மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வருடம் அவரும், சித்தூர் மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் மச்சான் ஹரிபாபுவும் பழைய இரும்புக் கடையில் இரண்டு கிழட்டு டிராக்டர்களைப் பிடித்தார்கள். பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டிய வண்டிகள். ஆளுக்கொன்று எடுத்து உயிர் கொடுத்தார்கள். நிலமே இல்லாத வீட்டில் பிறந்த ஹரிபாபுவுக்குச் சொந்தமென்று வந்த முதல் டிராக்டர் அது. திருப்பதியில் நடக்கும் பழைய வண்டிக் கண்காட்சிக்கு அதை ஓட்டியே வர வேண்டும் என்று துடித்தான்.

"எவ்ளோ நேரம் சூடேத்தணும் மாமா?"

"அர நிமிசம் போதும்டா. பெட்ரோல எதுக்கு வீணாக்கிக்கினு?"

டீசலோடே பழகியவர் அல்லவா, தன் வண்டியையும் அப்படித்தான் ஓட்டினார். கிழட்டு இன்ஜின் ஆயிலைக் குடிக்கும் என்பார்கள், ஆனால் அதில் ஆயில் குறையவே இல்லை. ஆயில் அளக்கும் குச்சியை விட்டுப் பார்த்தால் வாரத்துக்கு வாரம் கூடியிருந்தது. "ஆயிலே துன்னாத இன்ஜின்டா!" என்று ஃபோனில் பீற்றிக்கொண்டார். "என்னுதும் அப்டிதான் மாமா!" என்று அவனும் துள்ளினான். ஊற்றாத ஆயில் எப்படிக் கூடும் என்று இரண்டு புத்திசாலிகளும் யோசிக்கவில்லை.

கண்காட்சி நாள் காலையில், குச்சியைத் துடைத்த துணியை மனைவி தேன்மொழியிடம் நீட்டினார். அவள் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாயா இது, கிருஷ்ணாயில் வாடை அடிக்குது?"

வாங்கி முகர்ந்தார். இன்ஜினுக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றினார். கொழகொழவென்று இறங்க வேண்டிய ஆயில் தண்ணீராகக் கொட்டியது. சூடு போதாமல் எரியாத மண்ணெண்ணெய் மாதக்கணக்கில் ஆயிலில் இறங்கிக் கலந்திருக்கிறது. இரும்பும் இரும்பும் உரசியே ஓடியிருக்கின்றன. கொட்டியதில் தேய்ந்த பேரிங்கின் தூள் மினுமினுத்தது.

ஐயோ, ஹரிபாபு! விடிந்ததுமே சித்தூரிலிருந்து கிளம்பியிருப்பான். எழுபது கிலோமீட்டர். ஃபோன் போட்டார்.

"வண்டிய நிறுத்துடா!"

"அதுவே நின்னுபோச்சு மாமா, பாதி வழியில. கைப்பிடியப் போட்டுச் சுத்துனா இன்ஜினு அசையவே மாட்டேங்குது. ஆயில் பாத்துட்டேன், மேல வரைக்கும் கீது. வேற இன்னாவா இருக்கும்?"

கோவர்த்தனன் கொட்டிக் கிடந்த ஆயிலைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்ல ஹரி. உன் வண்டிய நான்தான் கொன்னுட்டேன்."