அத்தை பிடித்துப் பார்த்த கை

மன்னார்குடியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, பார்வையில்லாத ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கை கொடுத்தேன். "கை சுடுதே அக்கா, காய்ச்சலா?" என்றாள். எனக்கே அப்போதுதான் உறைத்தது. உடனே அஞ்சலை அத்தையின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவின் தங்கை அவள். பிறவியிலேயே கண் தெரியாது. கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஊர் ஆட்கள் அறுவடைக்குப் போக மறுத்த வருஷம், முன்னால் நின்ற அப்பாவைப் போலீஸ் தேடியது. அவர் திருவிடைமருதூரில் ஒளிந்திருந்தது அம்மாவுக்கும் அத்தைக்கும் மட்டுமே தெரியும்.

ஒரு மத்தியானம், அம்மா வெளியே போயிருந்தபோது, அழுக்கு வேட்டியோடு ஒருவர் வந்தார். "நானும் அறுப்பு ஆளுதான் தங்கச்சி. அண்ணன்கிட்ட அவசரமா ஒரு சேதி சொல்லணும். எங்க இருக்காரு?" என்றார். பார்த்ததுமே நான் நம்பிவிட்டேன்.

அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுக்கும் சாக்கில் அவர் கையை ஒரு கணம் பிடித்துப் பார்த்தாள். பிறகு நிதானமாக, "அண்ணன் வேளாங்கண்ணியில இருக்குங்க," என்றாள்.

அவர் போனதும், "அப்பா வேளாங்கண்ணியிலயா இருக்காரு?" என்று கேட்டேன்.

"இல்லடி. அது அருவா பிடிச்ச கையே இல்ல. உள்ளங்கை பஞ்சாட்டம் இருக்கு, விரல்ல ஒரு வெட்டுத் தழும்புகூட இல்ல."

மறுநாள் வேளாங்கண்ணியில் போலீஸ் வீடு வீடாகத் தேடியதாகத் தகவல் வந்தது.

கூலிப் பேச்சு முடிந்து, வழக்கும் வாபஸான பிறகு அப்பா சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார். நாங்கள் அவரைச் சுற்றிக் குதித்தோம். அத்தை மட்டும் அவர் கைகளை முழங்கை வரை மெல்லத் தடவினாள்.

"எலும்பும் தோலுமா இருக்கியேண்ணே. சோறு கெடைக்கலியா?"

அப்பா அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார்.