ஒற்றைக் காலில் நின்ற மாஸ்டர் அக்கா

எங்கள் தையல் கூடத்தில் துணி வெட்டுபவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அந்த மேஜைக்கு ஒரு பெண் வந்தபோது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டர் அக்கா என்று யாரோ ஆரம்பித்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. நான் காஜா மெஷினில் இருக்கிறேன். என் இடத்திலிருந்து பார்த்தால் வெட்டு மேஜை நேர் எதிரே தெரியும். பதினோரு வருடமாக அக்காவைப் பார்த்தபடிதான் பித்தான் துளை போடுகிறேன்.

நாங்கள் தைப்பது ஆஸ்பத்திரிச் சீருடைகள். எண்பது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே அளவு வரைந்து, மின்கத்தியால் ஒரே வெட்டில் வெட்டி எடுக்க வேண்டும். நாள் முழுக்க இடுப்பை மடக்கி, கழுத்தை நீட்டி மேஜைமேல் சாய்ந்தே நிற்கிற வேலை. சாயங்காலம் நிமிரும்போது அக்காவின் முதுகில் சொடக்கு விழுகிற சத்தம் எனக்கே கேட்கும்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது தம்பி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனார். போகும்போது தன்னுடைய ரேஸ் சைக்கிளை அக்கா வீட்டு வராந்தாவில் வைத்துவிட்டுப் போனார். மெல்லிய டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். துடைத்து வைத்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்துவிட்டு, அப்படியே ஏறி உட்கார்ந்து, தெருமுனை வரை என்று கிளம்பி, இருபது கிலோமீட்டர் போய்விட்டு வந்தார். யாரையும் கேட்காமல், எந்த வண்டிக்கும் காத்து நிற்காமல் தன் காலை மட்டும் நம்பி அவ்வளவு வேகமாகப் போனது அதுதான் முதல் தடவை என்று மறுநாள் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விட்டதில்லை.

சைக்கிளுக்கென்று ஒரு கால்சட்டையும் தானே வெட்டினார். நான்கு தையலும் நடுவில் வந்து முட்டினால் சீட்டில் உராயும் என்று, அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தையலை ஓரத்துக்குத் தள்ளினார். அந்த வேலைப்பாட்டை நாங்கள் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தோம்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் இடுப்புக்கு மேலே நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. கழுத்து திரும்ப மறுத்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய்க் கத்தியைப் பிடிக்கவே கஷ்டப்பட்டார். எலும்பு டாக்டரிடம் போனார். டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் பெரிய குறை இல்லையாம். சைக்கிளை விட்டுவிட்டு, சாயங்காலம் மெதுவாக நடந்தால் போதும் என்றார். இந்த வயதில் எதற்கம்மா இதெல்லாம் என்றும் கேட்டிருக்கிறார்.

“எலும்புல ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர், அப்புறம் வயசு எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா எழுந்து வந்தார்.

வீட்டுக்காரருக்கோ உள்ளூர நிம்மதி. அவர் சொந்தமாகச் சரக்கு வேன் ஓட்டுகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் மனைவி லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. டாக்டரே சொல்லியாயிற்று, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சைக்கிளை வேனில் ஏற்றப் பார்த்தார். அக்கா சக்கரத்தைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த மாதம் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சீருடை அளவெடுக்கப் போன இடத்தில் பிசியோதெரபி செய்கிற ஒரு மேடத்தைச் சந்தித்தார். தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்த அக்கா கையை உதறுவதைப் பார்த்து அந்த மேடம் விசாரித்திருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு, அக்காவைத் தரையில் காலை நீட்டி உட்காரவைத்து, கால்விரல் நுனியைத் தொடச் சொன்னார். அக்காவின் கை முழங்காலோடு நின்றுவிட்டது.

சைக்கிள்மேல் குற்றம் இல்லை என்றார் அந்த மேடம். வருடக்கணக்காக ஒரே மாதிரி நின்றதில் தொடையின் பின்தசை இறுகிப்போயிருக்கிறது. இடுப்பின் முன்பக்கமும் சுருங்கியிருக்கிறது. அந்த உடம்போடு தாழ்வான ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கும்போது, இடுப்பு மடங்க வேண்டிய இடத்தில் முதுகு வளைகிறது. பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்குகிறது. அதனால்தான் விரல் மரக்கிறது. ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை உயர்த்தச் சொன்னார். சில பயிற்சிகளையும் காட்டிக்கொடுத்தார். உடம்பு சூடான பிறகுதான் செய்ய வேண்டும். எம்பி எம்பி இழுக்கக் கூடாது. இழுவை தெரிகிற இடத்தில் முப்பது எண்ணும்வரை நிற்க வேண்டும். வலித்தால் உடனே விட்டுவிட வேண்டும். இரண்டு மாதமாவது ஆகும், அதுவரை அவசரப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அக்காவுக்கு வீட்டில் நேரம் கிடையாது. மதிய இடைவேளை அரைமணி நேரம்தான் அவருடையது. சாப்பிட உட்காருமுன், காலையிலிருந்து நின்று சூடான உடம்போடு, ஒரு காலைத் தூக்கி வெட்டு மேஜைமேல் நீட்டி வைப்பார். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னே சாய்வார். பிறகு கீழே ஒரு முழங்காலை ஊன்றி இடுப்பை முன்னே தள்ளுவார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கணுக்காலை மறுமுழங்கால்மேல் போட்டுக் குனிவார். கடைசியாகக் கதவுச் சட்டத்தில் கையை ஊன்றி நெஞ்சைத் திருப்புவார். முதல் வாரம் நாங்கள் எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தோம். சிரிப்பை அடக்க முடியாமல் அயர்ன் பண்ணுகிற அண்ணனுக்குப் புரையேறியது.

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாளே சுவரில் ஒரு தாள் ஒட்டினார். மேஜைமேல் கால் வைக்கக் கூடாது. அக்கா அதை நின்று படித்துவிட்டு, மேஜையை விட்டுவிட்டுத் தரையில் கிடந்த துணிக் கட்டின்மேல் காலை வைத்தார். நான்கு நாளில் துணிக் கட்டுக்கும் ஒரு தாள் வந்தது. அக்கா ஜன்னல் கட்டைக்கு மாறினார். சூப்பர்வைசர் நேரில் வந்து நின்றார். இது வேலை செய்கிற இடம், சர்க்கஸ் கூடாரம் இல்லை என்றார்.

அக்கா காலை இறக்கவில்லை. எண்ணிக்கை இருபத்திரண்டில் இருந்தது. முப்பது வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். “வேலை நேரத்துல நான் உங்க ஆளு சார். இந்த அரைமணி நேரம் என் கால் எங்க இருக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அடுத்த காலைத் தூக்கி ஜன்னல் கட்டைமேல் வைத்தார்.

பிடிவாதம் பிடிப்பவர்களை ஒற்றைக் காலில் நிற்கிறார்கள் என்போம். நிஜமாகவே அப்படி நின்று ஜெயித்த ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். சூப்பர்வைசர் புதிய தாள் எதுவும் ஒட்டவில்லை. மறுநாள் எனக்கு என்ன தோன்றியதோ, போய் அக்காவுக்குப் பக்கத்தில் என் காலையும் தூக்கி வைத்தேன். என்னால் இடுப்பு உயரம்கூடத் தூக்க முடியவில்லை. புரையேறிய அண்ணனும் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

ஒன்பதாவது வாரம் அக்காவின் விரல் நுனி கால் விரலைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது கிலோமீட்டர் போய்வந்தார். விரல் மரப்பது போயேபோய்விட்டது. அந்தச் சூட்டில்தான் சைக்கிள் சங்கத்தார் நடத்துகிற நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தார். ஏழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வரக் கடைசியில் ஒரு வண்டி வரும்.

அந்த வண்டியாகத் தன் வேனையே ஓட்டுவதாக வீட்டுக்காரர் சங்கத்தில் பேசி வைத்துக்கொண்டார். எப்படியும் உன்னை அள்ளிக்கொண்டு வரத்தானே வேண்டும், அதை நானே செய்கிறேன் என்றாராம்.

ஓட்டம் காலை ஆறு மணிக்குத் தொடங்கியது. நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் அநேகமாக ஒத்துப்போகின்றன.

அறுபது கிலோமீட்டர் வரை குறையில்லை. இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி இரண்டு நிமிடம் முதுகையும் இடுப்பையும் நீட்டிவிட்டு ஏறினார். திரும்பும் வழியில் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. மிதிக்கிற மிதிக்கு வண்டி நகர மாட்டேன் என்றது. எழுபத்தெட்டாவது கிலோமீட்டரில், குறித்த நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தார். வேன் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே ஓய்ந்துபோன இரண்டு வாலிபர்கள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். முன்சீட்டில் சங்கத்துக்காரர். இந்த இடத்தைத் தாண்ட வேண்டிய நேரம் முடிந்துவிட்டது, ஏறிக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

அக்கா இறங்கிச் சைக்கிளை மரத்தில் சாய்த்தார். நேரே வேனிடம் வந்தார். ஏறப்போகிறார் என்று நினைத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார். அக்கா வேனின் படியில் ஒரு காலை நீட்டி வைத்து முன்னே சாய்ந்து எண்ண ஆரம்பித்தார்.

“வண்டியில காலை வைக்காத. ஏறுன்னா ஏறு” என்றார் வீட்டுக்காரர்.

அக்கா முப்பது வரை எண்ணி முடித்தார். பிறகு சங்கத்துக்காரரிடம் சொன்னார்: “என் நம்பரை வேணும்னா கழட்டிக்கோங்க. ரோடு உங்களுது இல்லையே.”

விதிப்படி எண் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். எண் இல்லாதவருக்காக வண்டி நிற்க முடியாது என்று சங்கத்துக்காரர் சொல்ல, வேன் கிளம்பியது. கண்ணாடியில் மனைவி சிறுத்துக்கொண்டே போனதைப் பார்த்தபடி ஓட்டியதுதான் தன் வாழ்க்கையிலேயே மோசமான டிரைவிங் என்பார் அவர். அக்கா சொல்வது வேறு. அந்த வேன் மறைந்த பிறகுதான் எனக்கு மூச்சே ஒழுங்காக வந்தது என்பார்.

எல்லோரையும் இறக்கிவிட்டு அவர் காலி வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார். முடிய ஒன்பது கிலோமீட்டர் இருக்கும் இடத்தில் மனைவியைக் கண்டார். இந்த முறை ஏறச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அக்கா வாங்கிக் குடித்தார். அவர் வண்டியைத் திருப்பி, விளக்கை எரியவிட்டு, பின்னாலேயே ஊர்ந்து வரத் தொடங்கினார். அரைக் கிலோமீட்டர் பொறுத்துப்பார்த்த அக்கா காலை ஊன்றி நின்றார்.

“பின்னாடி வராதீங்க. பொண ஊர்வலம் மாதிரி இருக்கு. முன்னாடி போயி அங்க நில்லுங்க.”

அவர் போனார். வேறு என்ன செய்வார்?

அக்கா போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்து, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கைதட்ட யாரும் இல்லை. வீட்டுக்காரர் மட்டும் சொன்ன இடத்தில் நின்றார். சைக்கிளை அவர் கையில் கொடுத்துவிட்டு, தள்ளாடாமல் நடந்து சங்கத்துக்காரரிடம் போனார் அக்கா. அவர் அட்டையில் முடித்தவர்களின் பட்டியல் இருந்தது.

“நூறும் ஓட்டிட்டேன். எழுதிக்கோங்க. ஏழு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிஷம். தாமதத்தை மறைக்க வேண்டாம், அதையும் எழுதுங்க.”

நேரம் தாண்டியவர்களுக்குக் கட்டம் இல்லையம்மா என்றார் அவர், உண்மையான சங்கடத்தோடு.

“அப்ப கட்டத்துக்கு வெளியில எழுதுங்க.”

அவர் பேனாவை எடுத்ததை வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். எழுதினாரா என்று அக்கா எட்டிப் பார்க்கவில்லை. ஓரமாகப் போய்த் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். அழுகிறாள் என்று நினைத்து வீட்டுக்காரர் பதறிக் கிட்டே போனார். அக்கா எண்ணிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேஜையில் நின்றார். எண்பது அடுக்கு விரித்தார். சாயங்காலம் நிமிர்ந்தபோது எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மறுவருடம் சங்கத்திலிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. பெண்களுக்கும் மூத்தவர்களுக்கும் வசதியாக நாற்பது கிலோமீட்டர் ஒன்று வைத்திருக்கிறோம், அம்மாவை அதில் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். எடுத்தவர் வீட்டுக்காரர். அதை அவளிடம் சொல்கிற தைரியம் தனக்கு இல்லை, நூறிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். வேனுக்கும் கேட்டார்கள். “வேற ஆளப் பாருங்க. என்னால அவளை ஏத்த முடியாது” என்று சொல்லிவிட்டார்.

அந்த முறை ஏழு மணி நேரம் ஆறு நிமிடம். மறுபடியும் கட்டத்துக்கு வெளியேதான். வருத்தமா என்று நான் கேட்டேன். அக்கா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அவங்க கடிகாரம்தானே தோத்துச்சு, எனக்கென்ன?” என்றார். பிறகு மதியத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். ஜன்னல் கட்டையில் இடம் போதவில்லையாம். வெட்டு மேஜையையே மறுபடியும் கேட்கப் போகிறாராம்.