இடைவேளைக்கு எழுந்த இருவர்

நான் இருக்கும் ஜெர்மன் நகரத்தின் கலை அருங்காட்சியகத்தில் மாதம் ஒரு ஞாயிறு தமிழ்ப் படம் போடுவார்கள். முதல்முறை போனபோது, பாதிப் படத்தில் திரை நிறைய ‘இடைவேளை’ என்று எழுத்து வந்தது. நானும் செல்வியும் டக்கென்று எழுந்து வெளியே வந்துவிட்டோம். செல்வி எங்கள் ஊர் போடிக்குப் பக்கத்தில் தேவாரத்துக்காரி, இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். வெளியே ஈ காக்கை இல்லை. கேண்டீன் பூட்டிக் கிடந்தது. உள்ளே படம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அசடு வழியத் திரும்பிப் போய் உட்கார்ந்தோம். படம் முடிந்தபிறகும் கடைசிப் பெயர் ஓடி மறையும்வரை ஒருத்தரும் அசையவில்லை. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள்.

திரையிடல்களைக் கவனிக்கும் உல்ரிக்கே என்ற பெண்மணி கவலையோடு எங்களிடம் வந்தார். “படம் அலுப்பாக இருந்ததா?”

“இல்லை, ரொம்ப நன்றாக இருந்தது. அதனால்தான் எழுந்தோம்” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, கழிப்பறை இடதுபக்கம் என்று கைகாட்டினார்.

போடியில் என் அம்மாவுக்கு ஏலக்காய் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு வேலைபார்க்கும் பெண்களுடன் சினிமாவுக்குப் போவாள், என்னையும் கூட்டிப்போவாள். பாதிப் படம் திரையில் என்றால் மீதிப் படம் அவர்களுக்கு இடைவேளையில்தான். “அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியல? இவளுக்குப் புத்தி எங்கிட்டுடி போச்சு?” என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே கதாநாயகியைக் கூண்டில் ஏற்றுவார்கள். வீட்டில் வாயே திறக்காதவளும் அங்கே தீர்ப்புச் சொல்லுவாள். படம் பார்ப்பது என்றால் எனக்கு அதுதான்.

சில மாதங்களில், கூட்டம் வரவில்லை, தமிழ்ப் படத்தை நிறுத்தப்போகிறோம் என்றார் உல்ரிக்கே. செல்விக்கு முகமே செத்துவிட்டது. “ஜெர்மன்லயே பேசிப் பேசி நாக்கு மரத்துப்போச்சுக்கா. மாசத்துல ஒருநாளுதான் நம்ம பேச்சக் காதாரக் கேக்குறேன். அதையும் நிப்பாட்டிட்டா நான் எங்கிட்டுப் போறது?”

எனக்குக் கோபம் வந்தது. விடுவதில்லை என்று முடிவுசெய்து உல்ரிக்கேயின் அறைக்கே போனேன். இடைவேளை விடுங்கள், டீ நான் போடுகிறேன், கூட்டம் வரும் என்றேன்.

“கலைப்படைப்பை நடுவில் அறுக்க மாட்டோம். எடுத்தவர் எடுத்தபடியே காட்டுவதுதான் எங்கள் வழக்கம்.”

“எடுத்தவரே எழுதி வைத்திருக்கிறாரே, நீங்கள்தான் மதிக்கவில்லை” என்றேன். அவர் அந்த எழுத்தை இரண்டாம் பாகத்தின் தலைப்பு என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். கடைசியில், ஒரே ஒருமுறை இடைவேளை விடுவோம், அதற்கும் கூட்டம் வராவிட்டால் நிறுத்தத்தான் வேண்டும் என்றார்.

தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று விடாமல் போன் போட்டேன். போடியிலிருந்து அண்ணன் ஏலக்காய் அனுப்பினான். அந்த ஞாயிறு அரங்கு முக்கால்வாசி நிறைந்தது. ‘இடைவேளை’ வந்தது, விளக்கும் எரிந்தது. ஆனால் ஒருத்தரும் எழவில்லை. நம் ஆட்களும் ஜெர்மன்காரர்களைப் பார்த்துக் கம்மென்று இருந்தார்கள்.

“ஏண்ணே, டீ ஆறுது, எந்திரிச்சு வாங்க!” என்று செல்வி போட்ட சத்தத்தில் மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. மாதாமாதம் வந்து வாயே திறக்காமல் போகும் ஜெர்மன் பெரியவர் ஒருவர், டீயை வைத்துக்கொண்டு, படத்தில் வரும் பெண் தன் நிலத்தை விற்றுவிடுவாளா என்று செல்வியைக் கேட்டார். “வித்துருவாளா? கொன்டே போடுவா!” என்று தமிழில் சொன்னபிறகுதான் செல்விக்கு ஜெர்மன் வந்தது. அவர் விடவில்லை, விற்பதுதான் நல்லது என்று மல்லுக்கு நின்றார். டம்ளரில் கரண்டியால் தட்டித்தான் எல்லாரையும் உள்ளே அனுப்ப முடிந்தது. அடுத்த மாத நிகழ்ச்சித் தாளில் தமிழ்ப் படம் இருந்தது. அதன்கீழே ‘பௌஸ உண்டு’ என்று ஒரு வரி. அவர்கள் மொழியில் இடைவேளை.

இந்த வருடம் விடுமுறைக்குப் போடி வந்தேன். அண்ணன் சினிமாவுக்குக் கூட்டிப்போனான். இடைவேளையில் இருவரும் ஆசைதீர வாதாடினோம். படம் முடிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்குமுன்பே கூட்டம் வாசலை அடைத்துவிட்டது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். துடைப்பத்தோடு வந்தவர் என் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“வெரசா வாத்தா, ஆட்டோ நிக்கிது! படந்தான் முடிஞ்சிருச்சுல்ல?” என்று வாசலிலிருந்து அண்ணன் கத்தினான்.

“இன்னும் முடியலண்ணே, வர்றேன்” என்றேன். விளக்கொளியில் திரை வெளிறிப்போயிருந்தது. கடைசிப் பெயரைப் படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.