லண்டன் சாயந்திரம்

லண்டனில் வேலையாக இருந்த கணவரிடம் போய்ச் சேர எனக்கு விசா வந்தது எழுபதுகளின் கடைசியில். அதுவரை திருத்தணியைத் தாண்டி நான் போனதெல்லாம் திருப்பதிக்குத்தான். கணவரின் அண்ணன் பொதட்டூர்பேட்டை லுங்கிகளை பம்பாய்க்குக் கொண்டுபோய் விற்பவர். அவரே ரயிலில் கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. அவரை பாவா என்று கூப்பிடுவேன்.

"எவ்ளோ நேரம் ஆவும் பாவா?"

"நாலாயிரம் மைலுக்கு மேல. ஆனா காலைல ஏறுனா சாயந்திரம் எறங்கிடலாம்மா. டிக்கெட்லயே போட்டுக்கிறான் பாரு."

கிளம்பும்போது அம்மா காதோடு சொன்னாள்: "தண்ணிய கொஞ்சமா குடி. ஆம்பளைங்க நடுவுல எழுந்து எழுந்து போவாத." திருப்பதி பஸ்ஸுக்கும் இதையேதான் சொல்வாள்.

எனக்கு ஜன்னலோர இடம். பக்கத்தில் கோட்டு போட்ட இரண்டு பேர், ஏறியதுமே தூங்கிவிட்டார்கள். கழிப்பறை எங்கே, அதன் கதவை எப்படித் திறப்பது என்று கேட்க எனக்கு பாஷை தெரியாது. சாயந்திரம் வரைதானே என்று அடக்கிக்கொண்டேன்.

என் வாட்சில் ஐந்தானது, ஆறானது. வெளியே இன்னும் உச்சி வெயில். வாட்ச் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. லண்டனுக்குச் சாயந்திரம் ஆகும்போது நமக்கு ராத்திரி ஆகியிருக்கும் என்பது பாவாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்து ஆளைத் தொட்டு, "லண்டன்?" என்றேன். இன்னும் மூன்று மணி நேரம் என்று விரலைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குமேல் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. கல்யாணப் பட்டுப்புடவையும் இருக்கையும் நனைந்தன. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

விமானம் இறங்கி எல்லாரும் போனபிறகும் நான் எழவில்லை. முன்வரிசையிலிருந்த ஒரு பஞ்சாபி அம்மாள் திரும்பி வந்து பார்த்தாள். தன் சால்வையைக் கழற்றி என் இடுப்பில் சுற்றி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அவள் பேசியது ஒன்றும் எனக்குப் புரியவில்லை.

வெளியே கணவர் நின்றிருந்தார். கல்யாணமான கையோடு போனவரை அப்போதுதான் மறுபடி பார்க்கிறேன்.

"யாரோட சால்வை?"

"குளுருச்சுங்க. ஒரு அம்மா குடுத்தாங்க."

பஸ்ஸில் அவர் ஒட்டி உட்கார்ந்தார். நான் தள்ளி உட்கார்ந்தேன். என்னையே கொஞ்சநேரம் பார்த்தார். "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றார்.

அறைக்கு வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, பால் வாங்கி வருவதாக வெளியே போய்விட்டார். குளித்தவள் அப்படியே தூங்கிப்போனேன். காலையில் எழுந்தால் புடவையும் சால்வையும் துவைத்து ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கம் எந்த ஆம்பளை பெண்டாட்டி புடவையைத் துவைப்பான்? விமானத்தில் பட்ட அவமானமே பரவாயில்லை என்றாகிவிட்டது.

"ஏங்க, நீங்க போயி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் டீயை நீட்டினார். "ஆறிடும், குடி."

அன்று முழுக்க அவர் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.