சத்தமில்லாமல் நூற்றைம்பத்திரண்டு

கீழக்கரையில் பதினோரு அறை கொண்ட வீட்டுக்கு ஒரே ஆள் சதக். வீட்டுச் சொந்தக்காரர்கள் சென்னையிலும் துபாயிலும் இருந்தார்கள். பூட்டும் சாவியும் தூசியும் அவர் பொறுப்பு. வயது நாற்பத்தொன்று. மனைவி உம்மு ஹபீபா, மகள் படிப்புக்காகச் சென்னையில். ஆக, வீட்டில் பேச ஆள் கிடையாது. பேச ஆள் கிடையாது என்று சொல்லவும் ஆள் கிடையாது.

ஷார்ஜாவில் கிடங்கு வேலை பார்த்தபோது, அறையில் உடனிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குப் போகையில் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கேட்க ஒருவருமே இல்லாத வீட்டில், ஒருவருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று சதக் அதை ஆம்ப்ளிஃபயரில் சொருகாமலே வாசித்தார். முதலாளி வீடு, பக்கத்துத் தெருவில் பள்ளிவாசல், நமக்கெதற்கு வம்பு. சொருகாத எலக்ட்ரிக் கிட்டார் கொசு அளவுக்குத்தான் பேசும்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் அவரே மாணவர், அவரே தேர்வாளர். இருவருக்கும் ஒத்துவரவில்லை. செல்போனில் தாளம் காட்டும் மெட்ரோனோம் டிக் டிக்கென்று அடிக்கும். ஒரு வரியை மூன்று முறை பிசகாமல் வாசித்தால்தான் வேகத்தில் நான்கு கூட்டலாம் என்பது சட்டம். மூன்றாவதில் சுண்டுவிரல் சறுக்கினால் மறுபடி முதலிலிருந்து. நோட்டில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கீழே ‘கவனக்குறைவு’ என்றும் எழுதி, மாணவரைக் கையெழுத்துப் போடவைப்பார். நிமிடத்துக்கு அறுபது டிக்கில் தொடங்கியவர் மூன்று வருடத்தில் நூற்றைம்பத்திரண்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றுதான் முதன்முதலாக ஒன்பது போட்டார். மீதி ஒன்றை, தலைக்கனம் வந்துவிடாமலிருக்கப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஒன்பதுக்கு ஒரு அவசரமும் இருந்தது. ராமநாதபுரத்தில் அருள்முருகனின் மெல்லிசைக் குழு கிட்டாருக்கு ஆள் தேடியது. எட்டுப் பேர். கச்சேரிக்கு ஒரே வேனில் போவார்கள், ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள், திரும்பும் வழியெல்லாம் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே வருவார்கள். சதக்குக்கு மேடைமேல் பெரிய ஆசையில்லை. அந்த வேன்மேல்தான் கண்.

ஒத்திகை நடக்கும் மாடி அறையில் அருள்முருகன் வயரை நீட்டினார். சதக் எடுத்த எடுப்பில் நூற்றைம்பத்திரண்டில் பாய்ந்தார். ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. தொட்ட கம்பி ஒன்று பாடினால் தொடாத கம்பி மூன்று கூடவே ஊளையிட்டன. விரல் நகரும்போதெல்லாம் கடை ஷட்டரை இழுத்ததுபோல் கீச்சிட்டது. பாடகி சிநேகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாய், வெரலு பஸ்ஸு கணக்கா பறக்குது. ஆனா டிக்கெட் எடுக்காத ஆளெல்லாம் கூடவே ஏறியிருக்கு” என்றார் அருள்முருகன்.

“வீட்டுல சரியாத்தாண்ணே இருந்துச்சு.”

“வீட்டுல என்ன ஆம்ப்?”

“ஆம்ப் இல்லண்ணே. சொருகாமத்தான். சத்தம் வெளிய போயிரும்ல.”

“அட, சத்தம் வெளிய போகத்தான்யா அதுல கரண்டே வச்சுருக்கான்!” அருள்முருகன் மூலையில் கிடந்த ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரைக் காலால் தள்ளினார். “தூக்கிட்டுப் போங்க. தொடாத கம்பிய உள்ளங்கையால அமுக்கப் பழகிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள வேற ஆளு கெடைச்சா நான் பொறுப்பில்ல.”

நடுக்கூடத்தில் அதைச் சொருகி, மறுபடி அறுபதுக்கு இறங்கினார் சதக். சத்தம் பதினோரு அறைக்கும் போய், ஆளைக் காணாமல் திரும்பி வந்தது. தேர்வாளர் இரண்டு மார்க் போட்டார்.

மூன்றாம் நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு மலிகா. வசவு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார் சதக்.

“மொதலாளி வூட்டு ஆளுக வந்துட்டாகளா? பாட்டுச் சத்தம் கேக்குது?”

“இல்ல லாத்தா, நாந்தான்.”

“நீயா! நீ இங்கனயா இருக்க? வூடு பூட்டிக் கெடக்குன்னுல நெனச்சேன். எப்ப வந்த?”

“மூணு வருசமாச்சு.”

மலிகா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு, “அசர் தொழுகைக்குப் பொறவு, சாயங்காலமா வாசி. மதியத்துல பேரன் தூங்குறான்” என்று படியிறங்கியவள் திரும்பினாள். “முடியப்போற எடத்துல ஒரு நொண்டு நொண்டுதே, அதையும் பாரு.”

நோட்டில் அந்த இடத்தைத் தேர்வாளர் ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை.

இரண்டு மாதம் கழித்து, தொண்ணூறு வேகத்தில், கம்பிக்குக் கம்பி சுத்தமாக வாசித்துக் காட்டினார். அருள்முருகன் தலையைச் சொறிந்தார். ராம்குமார் என்றொருவனை எடுத்தாகிவிட்டது.

“வர்ற ஞாயித்துக்கெழம அவன் அக்காவுக்கு வளைகாப்பு. திருவாடானைக் கச்சேரிக்கு மட்டும் வாரீகளா பாய்? பெறகு பாப்பம்.”

வேன் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார் சதக். இரண்டு மணிக்கு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டேகாலுக்கே போய், டிரைவர்கூட வராத வேனில், ஜன்னலோரத்தை விட்டுவிட்டு நடு சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் என்றால் இரண்டு பக்கமும் ஆள் வருமே.