கயிற்றில் தொங்கிய கடைப் பலகை

அறுபதுகளில் தாராவியில் நானும் என் கணவரும் சின்னதாக ஒரு மளிகைக் கடை தொடங்கினோம். தகரம் அடித்த பெரிய மரப் பலகையில் தமிழிலும் இந்தியிலும் கடைப் பெயரை எழுதியிருந்தோம். கடை திறக்கும் நாளன்று, அதை மாட்டுவதற்கான இரும்புக் கொக்கிகள் வந்து சேரவில்லை.

"ஏல, நல்ல நேரம் முடியப் போவுது. இப்போதைக்குக் கயித்தக் கட்டி மாட்டிருவோம்" என்றார் கணவரின் அண்ணன். அப்படியே மாட்டினோம். வியாபாரம் சூடு பிடித்ததில் கொக்கியை மறந்தே போனோம்.

மாஹிமிலிருந்து வரும் மராத்தி மீன்காரம்மா ஒருவர் தினமும் அந்தப் பலகையின் நிழலில் கூடையை இறக்கி வைத்து உட்காருவார். சித்தி முறை சொல்லி அவரை 'மவுசி' என்போம். மழைக்கு முந்திய ஒரு மதியம் காற்று சுழன்றடித்தது. மவுசி குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"அந்தர் ஆவோ மவுசி, தூசி பறக்குது" என்றேன். அவர் உள்ளே வந்ததுதான் தாமதம், கயிறு அறுந்து பலகை கூடைமேல் விழுந்தது. கூடை நசுங்கிப்போனது. நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மறுநாளே போல்ட் போட்டு மாட்டினோம். மவுசி அண்ணாந்து பார்த்தபடி தெருவிலேயே நின்றார். என் கணவர் பலகையை இரு கையாலும் பிடித்துத் தொங்கி, "தேக்கோ மவுசி, பாருங்க, இனி விழாது!" என்றார். தெருவே சிரித்தது. என் கணவரும் மவுசியும் இன்று இல்லை.

செம்பூரில் இப்போது என் மகன் கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் ஏணி போட்டுப் பலகையை இழுத்துப் பார்க்கச் சொல்வேன்.

"அம்மா, இது வெறும் பிளாஸ்டிக்மா" என்று சிரிப்பான். சிரிக்கட்டும். இழுத்துப் பார்க்கும்வரை நான் கடை வாசலைத் தாண்டுவதில்லை.